குணமானவர்கள் எத்தனை பேர்?

முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், ஷாக் அடித்தது போலச் சுரீரென்று தாக்கும் வலி ஒன்று உண்டு. பல் துலக்கும்போது வரும். ஒரு வாய் சோற்றை மெல்லும்போது வரும். மின்விசிறிக் காற்று கன்னத்தில் பட்டால்கூட வரும். இதற்கு மாத்திரை இருக்கிறது, கன்னத்தின் வழியே ஊசி செலுத்தி நரம்பைச் சுடும் முறை இருக்கிறது, கதிர்வீச்சு இருக்கிறது, காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. இவற்றில் எது நல்லது? நோயாளியும் குடும்பத்தாரும் முதலில் கேட்பது இதைத்தான். மருத்துவ இதழ்களைப் புரட்டினால் பதில் கிடைக்க வேண்டும். கிடைப்பதில்லை. ஒரே சிகிச்சையைப் பற்றி ஓர் ஆய்வு ஏறக்குறைய எல்லோரும் தேறிவிட்டதாகச் சொல்கிறது; மற்றோர் ஆய்வு பாதிப் பேருக்குத்தான் பலன் என்கிறது. இரண்டுமே நேர்மையாகச் செய்யப்பட்ட ஆய்வுகளாக இருக்கலாம்.

எண்கள் ஏன் இவ்வளவு விலகுகின்றன? மருத்துவரின் கைத்திறன், நோயாளிகளின் வயது, நோயின் வகை ஆகியவை ஓரளவுக்குக் காரணம். பெரிய காரணம் வேறு. ‘தேறிவிட்டார்’ என்பதற்கு ஒவ்வோர் ஆய்வும் ஒவ்வொரு பொருள் கொள்கிறது.

நோயும் அதன் வரலாறும்

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகளில் ஐந்தாவது, முகத்தின் தொடு உணர்வைச் சுமந்து செல்கிறது. நெற்றியும் கண்ணும் ஒரு கிளை, கன்னமும் மேல்தாடையும் இரண்டாவது, கீழ்த்தாடை மூன்றாவது. ஆகவே இதனை முக்கிளை நரம்பு எனலாம். இந்த நரம்பில் எழும் வலியை மருத்துவர்கள் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் அது முக்கிளை நரம்பு வலி. பெரும்பாலும் கன்னத்திலோ தாடையிலோ வரும். வலி பல்லில் இருப்பதாகவே தோன்றுவதால், நோய் இன்னதென்று தெரிவதற்குள் நல்ல பற்களை இழந்தவர்கள் பலர்.

1756-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் நிக்கோலா ஆந்த்ரே இந்நோயை விவரித்தார். 1773-இல் லண்டன் மருத்துவர் ஜான் ஃபாதர்கில் இன்னும் தெளிவாக எழுதினார். ஆனால் காரணம் தெரிய நெடுங்காலம் ஆயிற்று. நரம்பு மூளைத்தண்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன் மேல் அழுந்திக் கிடப்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்ட்டர் டேண்டி 1930-களில் கவனித்தார். அழுத்தம் நரம்பின் மேலுறையைத் தேய்த்துவிடுகிறது. உறை தேய்ந்த இழைகளுக்கிடையே சமிக்ஞைகள் தாவுகின்றன. மெல்லிய தொடுகையே கடும் வலியாகிறது. அந்த ரத்தக்குழாயை நுண்ணோக்கியின் உதவியோடு நரம்பிலிருந்து விலக்கிவைக்கும் அறுவை முறையைப் பீட்டர் ஜனெட்டா 1967-இல் முன்வைத்தார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 1962-இல், வலிப்பு நோய்க்கான கார்பமசெபின் மருந்து இவ்வலியை அடக்குவதாக ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் புளோம் அறிவித்திருந்தார். இன்றும் முதலில் எழுதித் தரப்படும் மருந்து அதுதான்.

நோய் அரிது. ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 4 முதல் 13 பேருக்குப் புதிதாக வருகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடமும் பெண்களிடமும் கூடுதல். அரிய நோயாக இருப்பதால் ஒரு மருத்துவமனை தனியாகச் செய்யும் ஆய்வில் சேரும் எண்ணிக்கை சிறியது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் உருப்படியான விடை கிடைக்கும். சேர்ப்பதற்கோ எல்லோரும் ஒன்றையே அளந்திருக்க வேண்டும்.

ஒரு நாளில் 200 வினாடி

வலி ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது பூஜ்யம் முதல் பத்து வரையிலான எண்கோல். வலியே இல்லை என்றால் பூஜ்யம். கற்பனை செய்யக்கூடிய மிகக் கொடிய வலி என்றால் பத்து. ‘கடந்த 24 மணி நேரத்தில் உங்கள் சராசரி வலி எவ்வளவு?’ என்று கேட்பது வழக்கம். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் இக்கேள்வி ஓரளவு பொருந்தும். அவை நாள் முழுதும் கூடவே இருப்பவை.

முக்கிளை நரம்பு வலி அப்படியல்ல. ஒரு தாக்குதல் ஒரு வினாடிக்கும் குறைவாக இருக்கலாம். அதிகம் போனால் இரண்டு நிமிடம். ஒருவருக்கு ஒரு நாளில் 20 முறை, ஒவ்வொரு முறையும் 10 வினாடி வலி வருவதாகக் கொள்வோம். மொத்தம் 200 வினாடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். நாளின் கால் சதவீதத்துக்கும் குறைவான நேரமே வலி இருந்தது. வலி பத்துக்குப் பத்து என்றாலும், நேரக் கணக்கில் சராசரி எடுத்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழையை ஆண்டுச் சராசரியில் கரைத்து ‘இந்த வருடம் வெள்ளமில்லை’ என்று எழுதுவதற்கு ஒப்பானது இது.

உச்ச வலியைக் கேட்டால் சரியாகிவிடுமா? முழுதாக ஆகாது. சிகிச்சைக்குப் பிறகு தாக்குதல் 20-இலிருந்து 2 ஆகக் குறைந்தாலும், வந்த இரண்டும் பழைய வேகத்திலேயே வந்தால் உச்ச வலி பத்தாகவே இருக்கும். பெரிய முன்னேற்றம் கணக்கில் ஏறாமல் போகும். எத்தனை தாக்குதல் என்று எண்ணலாமா? அதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வலிக்கு அஞ்சியவர் கஞ்சியும் மோருமாக நாளைக் கழிக்கிறார், பேச்சைக் குறைக்கிறார், வலிக்கும் பக்கம் பல் துலக்குவதில்லை, காற்றடித்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொள்கிறார். தூண்டுதல் இல்லாததால் தாக்குதலும் குறைகிறது. தாளில் பார்த்தால் நோய் தணிந்திருக்கும். அவருடைய வாழ்க்கையோ முன்பைவிடச் சுருங்கியிருக்கும்.

இவற்றுக்கு மேல் இன்னொன்று: சிலருக்குச் சுரீர் வலிகளுக்கு இடைப்பட்ட நேரத்திலும் மந்தமான, எரிச்சலான வலி நீடித்து நிற்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கேட்டால் எதைப் பற்றிய பதில் என்று தெரியாது.

நூறு பேர், ஐந்து விடைகள்

அளவுகோல் மாறினால் முடிவு எவ்வளவு மாறும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்க்கலாம். ஒரு மருத்துவமனையில் 100 பேருக்கு ஒரே சிகிச்சை அளிக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் அவர்களுடைய நிலை இது. 40 பேருக்கு வலியில்லை, மாத்திரையில்லை, வேறு தொல்லையும் இல்லை. 15 பேருக்கு வலியும் மாத்திரையும் இல்லை; ஆனால் கன்னம் தொந்தரவு தரும் அளவுக்கு மரத்துப்போயிருக்கிறது. 20 பேருக்கு வலியில்லை, ஆனால் மாத்திரையை நிறுத்த முடியவில்லை. 13 பேருக்கு மாத்திரையோடு வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. 8 பேருக்கு எந்த மாற்றமும் இல்லை. 4 பேர் பரிசோதனைக்குத் திரும்பி வரவேயில்லை.

முதல் ஆய்வாளர் ‘வலியும் மாத்திரையும் இல்லாதவரே தேறியவர்’ என்கிறார். அவர் எழுதும் எண் 55. இரண்டாமவருக்கு வலி இல்லாதிருந்தால் போதும், மாத்திரை சாப்பிட்டாலும் சரி. அவர் எண் 75. மூன்றாமவர் வலி பாதியாவது குறைந்திருந்தால் வெற்றி என்று கொள்கிறார், அது 88. நான்காமவர் அதே வரையறையை வைத்துக்கொண்டு, வராத நால்வரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறார். 96-இல் 88, அதாவது ஏறத்தாழ 92 சதவீதம். ஐந்தாமவர் மரத்துப்போன கன்னத்தையும் ஒரு தோல்வியாக எண்ணுகிறார். அவருக்கு 40தான் மிஞ்சுகிறது.

நோயாளிகள் அதே நூறு பேர். சிகிச்சை அதே சிகிச்சை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் விடை 40-இலிருந்து 92 வரை ஓடுகிறது. இரண்டு மருத்துவமனைகள் இரண்டு வெவ்வேறு சிகிச்சைகளைச் செய்து, ஒன்று முதல் வரையறையையும் மற்றொன்று நான்காவதையும் கையாண்டால், அவற்றை ஒப்பிடுபவர் சிகிச்சைகளை ஒப்பிடவில்லை, வரையறைகளைத்தான் ஒப்பிடுகிறார்.

வரையறை சில நேரம் போட்டி தொடங்கும் முன்பே வெற்றியாளரை முடிவு செய்துவிடும். ‘மாத்திரை இல்லாமல் வலியின்மை’ என்பது வெற்றியின் பொருளானால், உலகின் எந்த மருந்தும் பூஜ்யமே எடுக்கும், எவ்வளவு நல்ல மருந்தாக இருந்தாலும். ‘வலி மட்டும் குறைந்தால் போதும்’ என்றால் நரம்பைச் சுட்டு மரக்கச் செய்யும் முறைகள் முன்னுக்கு வரும்; மரத்துப்போனதன் விலை எங்கும் பதிவாகாது.

அந்த விலை சிறியதல்ல. உணர்விழந்த கன்னத்தைச் சாப்பிடும்போது கடித்துக்கொள்பவர்கள் உண்டு. நெற்றிக் கிளை உணர்விழந்தால் கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது. கருவிழியில் புண் வரலாம். அரிதாக, மரத்துப்போன அதே இடத்தில் ஓயாத வலி குடியேறிவிடும்; அதற்கு மருத்துவம் செய்வது மூல நோயைவிடக் கடினம். மாத்திரைக்கும் விலை உண்டு. கார்பமசெபின் தூக்கக் கலக்கம், தலைசுற்றல், தள்ளாட்டம், மறதி ஆகியவற்றைத் தரலாம்; ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். வலி நின்றாலும் வேலைக்குப் போக முடியாத கணக்கர் ஒருவரை ‘தேறியவர்’ பட்டியலில் எழுதுவது எளிது. அவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஒரே ஏணியில் இரண்டு கேள்விகள்

இத்துறையில் பொது அளவுகோலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் உள்ள பேரோ நரம்பியல் நிறுவனத்தின் ஐந்து படி அளவுகோல் 2000-இல் வெளிவந்தது. இன்று அறுவை, கதிர்வீச்சு ஆய்வுகளில் அதிகம் புழங்குவது அதுதான். முதல் படியில் வலியும் மருந்தும் இல்லை. இரண்டாம் படியில் எப்போதாவது வலி, மருந்து தேவையில்லை. மூன்றாம் படியில் மருந்தால் கட்டுப்படும் வலி. நான்காம் படியில் மருந்துக்கும் சரியாகக் கட்டுப்படாத வலி. ஐந்தாம் படியில் கடும் வலி, நிவாரணமே இல்லை.

எளிமையே இதன் பலம். ஒரு நிமிடத்தில் மருத்துவர் குறித்துவிடலாம். குறை என்னவென்றால், வலி எவ்வளவு, மருந்து வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளை ஒரே ஏணியில் கட்டிவைத்திருக்கிறது. எப்போதாவது வலி வந்து, மருந்து வேண்டாம் என்று பொறுத்துக்கொள்பவர் இரண்டாம் படி. துளி வலியும் இல்லாமல், பாதுகாப்புக்காகச் சிறிய அளவு மாத்திரையைத் தொடர்பவர் மூன்றாம் படி. யார் நலமாக இருக்கிறார்? ஏணியின் பதில் ஒன்று. நோயாளியின் பதில் வேறாக இருக்கலாம். மேலும், முதல் படியை மட்டும் வெற்றி என்று சில ஆய்வுகள் கொள்கின்றன. மூன்றாம் படி வரை சில ஆய்வுகள் கொள்கின்றன. முந்தைய கணக்கின் 55-உம் 88-உம் இங்கே, ஒரே அளவுகோலுக்குள்ளேயே, மறுபடி தலைகாட்டுகின்றன.

எப்போது அளப்பது?

இந்நோய்க்குத் தானாகவே அடங்கும் குணம் உண்டு. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் வலியே இராது, பிறகு திரும்பும். மிக மோசமான நாட்களில்தான் மனிதர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஆறு வாரத்தில் அளக்கும் ஆய்வு இயல்பான தணிவையும் சிகிச்சையின் பலனையும் பிரித்தறிய முடியாது. நரம்பைச் சுடும் முறைகளில் முதல் மாதங்களில் பலன் பளிச்சென்று தெரியும். நரம்பு மெல்ல மீளும்போது வலியும் மீளும். கதிர்வீச்சில் இதற்கு நேர்மாறு: பலன் தெரியவே வாரங்கள் ஆகும். ஒரு மாதத்தில் அளந்தால் ஊசிமுறை வெல்லும். ஐந்தாண்டில் அளந்தால் கதை மாறலாம்.

நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஜனெட்டாவும் சகாக்களும் 1996-இல் வெளியிட்டது. ரத்தக்குழாயை விலக்கும் அறுவை செய்துகொண்ட 1,185 பேரின் நிலையை அவர்கள் ஆராய்ந்தார்கள். பத்தாண்டு கழித்து 70 சதவீதத்தினர் மருந்தின்றி வலியின்றி இருந்தனர். அறுவை முடிந்த சிறிது காலத்துக்குள் இருவர் இறந்தனர் என்பதையும், 16 பேருக்கு ஒரு பக்கக் கேட்கும் திறன் போயிற்று என்பதையும் அதே கட்டுரை மறைக்காமல் சொன்னது. எத்தனை பேர், எவ்வளவு காலம், எந்த வரையறை, என்ன இழப்பு ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைப்பதால்தான் அந்த எண் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

எல்லா ஆய்வுகளும் அப்படி அமையவில்லை. இந்நோய்க்கான அறுவை முறைகளைப் பற்றிய சீரான சோதனைகளை 2011-இல் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு தேடியது. தேறியவை 11 சோதனைகள். மொத்தம் 496 நோயாளிகள். அவற்றிலும் பகுத்தாராயப் போதுமான விளைவுத் தரவுகள் இருந்தவை மூன்றே மூன்று. வலியைத் தாங்கிக்கொண்டு சோதனைகளில் பங்கேற்ற மற்றவர்களின் உழைப்பு பொது அறிவில் சேராமலே போனது. இது கணக்குப் பிழை மட்டுமல்ல; அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும்கூட.

மூட்டுவாதம் காட்டிய வழி

இதே சிக்கலில் முன்பு மாட்டிக்கொண்டு, முதலில் வெளியே வந்தது மூட்டுவாத ஆய்வுத்துறை. 1992-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடினார்கள். முடக்குவாதம் பற்றிய எந்தச் சோதனையும் குறைந்தபட்சம் எவற்றை அளக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு பட்டியலுக்கு உடன்பட்டார்கள்: வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், வலி, உடல் இயக்கம் என்று ஒரு கை அளவுக்குச் சற்று மேற்பட்ட அம்சங்கள். ஒரு நோயைப் பற்றிய எல்லா ஆய்வுகளும் தவறாமல் அளந்து வெளியிட வேண்டிய இத்தகைய குறைந்தபட்சப் பட்டியலை ‘மைய விளைவுத் தொகுப்பு’ எனலாம். வேறு எதையும் அளக்கக் கூடாது என்று அது தடுப்பதில்லை. இவற்றை விடக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது.

மாஸ்ட்ரிக்டில் தொடங்கிய இந்த முயற்சியின் வரலாற்றில் மிகவும் பாடம் தரும் நிகழ்ச்சி பத்து ஆண்டுகள் கழித்து நடந்தது. 2002-இல் ஆஸ்திரேலியாவில் கூடிய மாநாட்டுக்கு முதன்முறையாக நோயாளிகளும் பங்கேற்பாளர்களாக அழைக்கப்பட்டனர். தங்களை வாட்டும் தொல்லைகளில் உடல் அசதி முக்கியமானது என்று அவர்கள் சொன்னார்கள். மருத்துவர்கள் பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய பட்டியலில் அசதி இல்லை. மூட்டைத் தொட்டு எண்ணலாம், ரத்தத்தை எடுத்துச் சோதிக்கலாம். அசதியை வெளியிலிருந்து பார்க்க முடியாது. அதனால் அது விட்டுப்போயிருந்தது. அசதியையும் அளக்க வேண்டும் என்ற பரிந்துரை 2007-இல் வெளியாயிற்று.

நீடித்த வலிகளுக்குப் பொதுவாக, இம்பாக்ட் என்ற ஆய்வாளர் குழு 2003-இல் ஆறு களங்களைப் பரிந்துரைத்தது: வலி, உடலியக்கம், மனநிலை, முன்னேற்றம் பற்றி நோயாளியின் சொந்த மதிப்பீடு, பக்கவிளைவுகள், எத்தனை பேர் ஆய்வில் நிலைத்தார்கள் என்ற விவரம். 2010-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் காமெட் என்ற முன்முயற்சி தொடங்கியது. எந்த நோய்க்கு யார் மைய விளைவுத் தொகுப்பு உருவாக்குகிறார்கள் என்பதை எல்லோரும் தேடிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடாக அது வளர்ந்திருக்கிறது.

முக்கிளை நரம்பு வலிக்கான வேலையைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் கையிலெடுத்தார்கள். அதுவரை வந்த ஆய்வுகளில் என்னென்ன அளக்கப்பட்டன என்று திரட்டி 2020-இல் வெளியிட்டனர். எதிர்பார்த்தபடி வலிக்கே முதலிடம். வாழ்க்கைத் தரம், மனநிலை, சமூக வாழ்வு ஆகியவை பின்தங்கிக் கிடந்தன. வலியை அளந்தவர்களும் ஒரே கோலால் அளக்கவில்லை.

பட்டியலில் எதைச் சேர்ப்பது?

இந்நோய்க்கென்று சிந்தித்தால் வரும் அம்சங்கள் ஏராளம். தாக்குதலின் கடுமை, எண்ணிக்கை, நீளம், இடைப்பட்ட வலி, மாத்திரையின் அளவு, மரத்துப்போதல், தூக்கம், உணவு, பேச்சு, முகம் கழுவுதல், வேலை, மனச்சோர்வு, வலி திரும்புமோ என்ற அச்சம், செலவு. எல்லாவற்றையும் அளக்கச் சொன்னால் நோயாளி களைத்துப்போவார். படிவங்கள் பாதியில் நிற்கும். எனவே தேர்ந்தெடுக்க வேண்டும். யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு டெல்ஃபி எனப்படும் முறை கைகொடுக்கிறது. 1950-களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ராணுவ மதிப்பீடுகளுக்காக உருவான முறை இது. நிபுணர்களை ஒரே அறையில் அமர வைத்தால் குரல் பெரியவரோ பதவி பெரியவரோ சொல்வதே முடிவாகிவிடும். டெல்ஃபியில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியனுப்புகிறார்கள். மற்றவர்களின் பதில்கள் பெயரில்லாமல் தொகுக்கப்பட்டு அவர்களிடமே திரும்புகின்றன. பார்த்துவிட்டு விரும்பினால் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளலாம்.

மைய விளைவுத் தொகுப்புக்கு இது நடக்கும் விதம் இப்படி. நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள், நரம்பியல் மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள், பல் மருத்துவர்கள், ஆய்வாளர்கள் ஆகியோரிடம் நீண்ட பட்டியல் தரப்படுகிறது. ஒவ்வோர் அம்சத்துக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண். 7, 8, 9 என்றால் ‘இன்றியமையாதது’. ‘வலி திரும்புமோ என்ற அச்சம்’ என்ற அம்சத்துக்கு முதல் சுற்றில் அறுவை மருத்துவர்களில் பலர் 4 கொடுக்கலாம், நோயாளிகளில் பலர் 8 கொடுக்கலாம். இரண்டாம் சுற்றில் இரு தரப்பின் மதிப்பெண்களும் தனித்தனியே எல்லோருக்கும் காட்டப்படுகின்றன. வலி இல்லாத நாளிலும் அந்த அச்சம் சாப்பாட்டுத் தட்டின் முன் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதை மருத்துவர் அப்போது எண்களாகவே பார்க்கிறார். அறுவைக்குப் பின் வரும் சில ஆபத்துகள் எவ்வளவு முக்கியம் என்பதை நோயாளியும் அதே வழியில் அறிகிறார். நூற்றுக்கு 70 பேராவது 7 அல்லது அதற்கு மேல் கொடுத்து, 15-க்கும் குறைவானவர்களே 3 அல்லது அதற்குக் கீழ் கொடுத்தால் அந்த அம்சம் உள்ளே வரும் என்பது பரவலாகக் கையாளப்படும் விதி. இழுபறியில் நிற்பவை இறுதிக் கூட்டத்தில் நேரில் பேசித் தீர்க்கப்படுகின்றன.

இம்முறைக்கும் பலவீனங்கள் உண்டு. சுற்றுக்குச் சுற்று ஆட்கள் உதிர்வார்கள். இணையத்தில் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள், ஓய்வு உள்ளவர்கள், ஆங்கிலம் அறிந்தவர்கள் ஆகியோரின் குரல் கூடுதலாகக் கேட்கும். நோயாளிகளைத் தனிக் குழுவாக எண்ணாமல் மருத்துவர்களோடு கலந்து எண்ணினால், எண்ணிக்கையில் குறைந்தவர்கள் அமுங்கிப்போவார்கள். இவற்றைக் கவனிக்காமல் உருவாக்கிய தொகுப்பு, பழைய பட்டியலுக்குப் புதிய முத்திரை குத்தியதாகவே முடியும்.

எதை என்பதிலிருந்து எப்படி என்பதற்கு

‘அன்றாட வாழ்வில் பாதிப்பு’ என்ற அம்சத்தை எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், அதை எந்தக் கேள்விகளால் அளப்பது என்பது மிஞ்சி நிற்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முகவலிக்கென உருவான பென் முகவலி அளவுகோல் இதற்கு ஒரு வாய்ப்பு. உணவு உண்ணுதல், முகத்தைத் தொடுதல், பல் துலக்குதல், சிரித்தல், பேசுதல், வாயை அகலத் திறத்தல், கடினமானவற்றைக் கடித்தல் ஆகியவற்றில் வலி எவ்வளவு குறுக்கிடுகிறது என்று அது கேட்கிறது. அஞ்சிச் சாப்பிடாமலிருப்பவரின் நிலை இங்கே மறையாது.

அளவுகோலைத் தேர்வதற்கு முன் சில சோதனைகள் உண்டு. நிலை மாறாத ஒருவரிடம் இரண்டு முறை கேட்டால் ஒரே மாதிரிப் பதில் வருகிறதா? நிலை மாறியவரிடம் கேட்டால் மாற்றத்தைக் காட்டுகிறதா? நோயாளிக்கு முக்கியமானதை உண்மையில் கேட்கிறதா? வேறொரு நாட்டுக்குக் கொண்டுபோகும்போது இச்சோதனைகளை மறுபடியும் நடத்த வேண்டும். மூலப் படிவம் கடினமான உணவுக்கு ஆப்பிளை எடுத்துக்காட்டுகிறது. முறுக்கும் சீடையும் கடிக்கிற ஊரில் அதையே வைத்துக்கொள்ளலாமா என்பதை அங்குள்ள நோயாளிகளிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும்.

ஆய்வுகளுக்குள் நுழைதல்

2017-இல் வெளியான ஒரு புதிய மருந்தின் சோதனை, இவையெல்லாம் ஏன் அவசரம் என்பதைக் காட்டுகிறது. கடும் வலியில் இருப்பவருக்கு நீண்ட நாள் வெற்று மாத்திரை கொடுப்பது முறையல்ல. எனவே முதலில் எல்லோருக்கும் மருந்து தரப்பட்டது. பலன் கண்ட 29 பேர் மட்டும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். மருந்தைத் தொடர்ந்த 15 பேரில் 5 பேருக்கும், வெற்று மாத்திரைக்கு மாறிய 14 பேரில் 9 பேருக்கும் சிகிச்சை தோற்றது. பார்வைக்குப் பெரிய வித்தியாசம்தான். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில், தற்செயலாகவும் இப்படி நேர்ந்திருக்கலாம் என்பதைப் புள்ளியியல் விலக்க இடம் தரவில்லை. இத்தகைய சிறு சோதனைகள் பல நடந்து, எல்லாம் ‘தோல்வி’ என்பதை ஒரே விதமாக வரையறுத்திருந்தால், அவற்றைக் கூட்டி விடை காணலாம்.

தொகுப்பு உருவானதும் ஆய்வாளர்கள் தாமாக ஓடிவந்து எடுத்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பழகிய படிவம் உண்டு. பத்தாண்டுத் தரவுகள் அதில் இருக்கின்றன. மாற்றத்தைத் தள்ளிக்கொண்டு போகக்கூடியவர்கள், பணம் தருபவர்களும் இதழாசிரியர்களும் நெறிக்குழுக்களும்தான். சோதனைத் திட்டம் எழுதுவதற்கான 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டியே, மைய விளைவுத் தொகுப்பு இருந்தால் பயன்படுத்துமாறு சொல்கிறது. இந்தியாவில் 2007-இல் தொடங்கிய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், புதிய சோதனைகளைப் பதிவது 2009 முதல் கட்டாயம். எதை முதன்மையாக அளக்கப் போகிறோம், எப்போது அளக்கப் போகிறோம் என்று முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அதில் எழுதிவைக்க வேண்டும். முடிவு வந்த பிறகு தனக்குச் சாதகமான வரையறையை எடுத்துக்கொள்வதை இது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் எந்த வரையறையை எழுதுவது என்பதை இன்னும் ஆய்வாளரிடமே விட்டிருக்கிறது. மைய விளைவுத் தொகுப்பு நிரப்ப வேண்டிய கட்டம் அதுதான்.